கூரைக்குள்ளிருந்து வந்த பாங்கு

மகள் ஷெரின், மகன் ரொமேஷ்,

போன மாதம் சிலாபத்தில் உங்களுக்குச் சப்பாத்து வாங்கப் போன இடத்தில், ரொமேஷ் கடைச் சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, இந்த வட்டச் சல்லடையையா நீங்க பூட்டுற? இதுக்கும் ஒரு ஆள் வேணுமா?" ஷெரின் அவன் கையில் கிள்ளினாள். எனக்குக் கோபம் வரவில்லை, மகன். சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று யாரும் நினைத்துப் பாராமல் சாமான் வாங்கிக்கொண்டு போனால்தான் அந்த வேலை சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் உனக்குப் பதில் சொல்லாமல் வந்தது மனதில் கிடந்தது. கடலுக்குப் போகாமல் வயர் வேலைக்குப் போன கதையைப் போன கிழமைகளில் எழுதிவிட்டேன். இந்தக் கிழமை அந்த வட்டச் சல்லடையின் கதை.

அதை நினைத்தால் முதலில் என் கண்ணுக்கு வருவது ஒரு சோடிக் கால்.

புத்தளம் பெரிய தெருவில் ஒரு புடவைக்கடை. சீலிங்கில் ஒரு பலகையை எடுத்த சதுர ஓட்டையிலிருந்து அந்தக் கால்கள் தொங்குகின்றன. முழங்காலுக்கு மேலே ஆளைக் காணவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நிற்கிறேன். கடையில் துணி காட்டும் பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்த மர்ழியா ராத்தா, இடுப்பில் கைவைத்து மேலே பார்க்கிறார்.

"தம்பி, உங்கட ஆள் மேலயே குடியிருக்கப் போறாரா? சொன்னா ஒரு பாயும் தலகாணியும் அனுப்பிவிடுவம்."

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது: "பாயை அனுப்புங்க ராத்தா. தண்ணி மட்டும் அனுப்பிடாதீங்க, நோன்பு."

கடைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் நசீர் நானா. என் கூட்டாளி.

நம்மட பேரில முதல் வேலை

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் போயிருந்தன. புத்தளத்தில் பழைய கடைகளை இடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி பூட்டிக் கட்டத் தொடங்கிய காலம். கல்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்தன. எல்லோருக்கும் சீலிங்கில் ஸ்பீக்கர் வேண்டும்.

அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர் எத்தாளை வேதக்கோயில் திருநாளுக்குத் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர். அது கத்தும். களப்புக்கு அந்தப் பக்கம் வள்ளத்தில் இருக்கிறவனுக்கும் கேட்கும், அதன் அடியில் நிற்கிறவனுக்குக் காது அடைக்கும். சீலிங் ஸ்பீக்கர் வேறு சாதி. அது கத்தக் கூடாது. பக்கத்தில் நிற்கிற ஆள் கதைக்கிற அளவுக்குத்தான் கதைக்க வேண்டும், ஆனால் கடையின் எந்த மூலையில் நின்றாலும் அதே அளவுக்குக் கேட்க வேண்டும். அதனால்தான் ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பல சின்ன ஸ்பீக்கர்களைப் பரவலாகப் பூட்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரை மாற்றிப் பூட்டினாலும் சத்தம் வரும். ஆனால் பக்கத்து ஸ்பீக்கரோடு அது ஒத்துப்போகாது. இரண்டுக்கும் நடுவில் நின்றால் சத்தம் வயிறு ஒட்டினதுபோல மெலிந்து கேட்கும். முதலில் இது எனக்குத் தெரியாமல் ஒரு ஹோட்டலில் நாள் முழுக்க ஏறி இறங்கியிருக்கிறேன். கடைசியில் நசீர் நானாவும் நானும் இரண்டு மூலையில் நின்று, "இப்ப?" "இல்ல." "இப்ப?" "ஓம், வந்திச்சு," என்று கூவிக் கூவிக் கண்டுபிடித்தோம்.

நசீர் நானா மன்னார்ப் பக்கத்து ஆள். தொண்ணூறில், யுத்தத்துக்குள், வடக்கு முஸ்லிம் சனம் எல்லோரோடும் சேர்த்து ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் வந்தவர். பாலாவிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, கல்வீடு கட்டி, கலியாணம் செய்து, பிள்ளைகளும் பெற்றுவிட்டார். அப்படியிருந்தும் தெருவில் யாராவது அவரைப் பற்றிச் சொன்னால், "அந்த வந்த ஆக்கள்ல ஒருத்தர்" என்றுதான் சொல்வார்கள். பேரைச் சொல்ல மாட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, வாய்ப்பழக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் முகம் லேசாகத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

இருவரும் ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்துவிட்டு, பிரிந்து வந்து எடுத்த முதல் வேலை இந்தப் புடவைக்கடை.

"தம்பி," என்றார் வேலை தொடங்கிய அன்று. "பெரிய தெருக் கடை. பெருநாள் சாமான் எடுக்க ஊரே வரும். ஒரு ஆள் அண்ணாந்து பாத்து, இது ஆரு பூட்டின எண்டு கேட்டா, நசீர் எண்டு சொல்லணும். அது போதும் எனக்கு."

"என்ட பேரைச் சொல்லத் தேவல்லியா நானா?"

"உன்ட பேர் வாய்க்குள்ள நுழையாதுடா. அல்போன்சு. சொல்லி முடிக்க முதல் ஆள் கடையை விட்டுப் போயிரும்."

கறுப்பு ஹபாயாவில் வெள்ளைத் தூள்

கடைக்காரரை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். குறைவாகக் கதைக்கிற மனிதர். நெடுநாளாகக் கடைவாசலில் கதிரை போட்டு இருந்து பழகியவர், கண்ணாடிக் கதவு வந்த பிறகு உள்ளே இருக்கப் பிடிக்காமல் நடந்துகொண்டே இருப்பார். அவருடைய மகன் இர்ஷாத் கட்டாரில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். புதுக்கடை அவருடைய யோசனை.

கண்ணாடிக் கதவால் ஒரு கரைச்சல் வந்தது. வெளிச் சத்தம் உள்ளே வராது, தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் வராது. பள்ளிவாசல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், கதவைச் சாத்தி ஏசியைப் போட்டால் பள்ளியில் பாங்கு சொல்வது கடைக்குள் கேட்காது. மற்ற நாளில் பரவாயில்லை. நோன்பு மாதத்தில், பெருநாள் வியாபாரத்தில், பிள்ளைகள் கடையிலேயே நோன்பு திறக்க வேண்டும். அதனால் இர்ஷாத் சொன்னார்: வியாபார நேரம் அறிவித்தல் போட, தொழுகை நேரம் பாங்கு போட, இரண்டுக்கும் சீலிங்கில் ஸ்பீக்கர்.

இரவில் கடையில் கூட்டம் பொங்கும். ஆகவே நாங்கள் பகலில்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

முதல் நாளே மர்ழியா ராத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். சீலிங் பலகையில் வட்டம் வெட்டினால் மாவுபோல வெள்ளைத் தூள் கொட்டும். கீழே வரிசையாகத் தொங்கியதோ கறுப்பு ஹபாயா அங்கிகள்.

"இதென்ன, ஹபாயாவுக்குப் பவுடர் போடுறீங்களா? இதைப் பாக்கிற பொம்பளை மாவாட்டுற இடத்தில தச்சதெண்டு நினைக்கும்!"

பிறகு பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின் ஒழுங்கைச் சந்துக்குக் கொண்டுபோய் வெட்டினோம். துணிகளைப் படுக்கை விரிப்பால் மூடினோம். அப்படியும் ராத்தா ஒரு தூரிகையோடு எங்கள் பின்னாலேயே திரிந்தார்.

சீலிங்குக்கு மேலே தகரக் கூரை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து தவழுகிற இடைவெளி. சோளகக் காற்று வீசுகிற மாதம், வெளியே மரமெல்லாம் ஆடும், அந்த இடைவெளிக்குள் மட்டும் ஒரு மூச்சுக் காற்று இல்லை. தகரம் கொதிக்கும். நோன்பாளி மனிதனை அதற்குள் விட எனக்கு மனம் வரவில்லை.

"நானா, நீங்க கீழ நில்லுங்க. நான் ஏறுறன்."

என் வயிற்றைப் பார்த்தார். "நீ ஏறினா ஸ்பீக்கர் மேல போகாது, சீலிங்தான் கீழ வரும்."

அது உண்மைதான். அவர் மெலிந்தவர், மரச் சட்டத்தில் மட்டும் கைகாலை வைத்துப் பூனைபோலப் போவார். இறங்கி வரும்போது சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும். உதட்டில் வெடிப்பு. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் என் தண்ணீர்ப் போத்தலை அவர் கண்ணில் படாமல் படிக்குக் கீழே வைத்துக் குடிப்பேன்.

"ஒளிக்காதடா," என்று கண்ணை மூடியபடியே சொன்னார். "நீ குடிக்கிற சத்தம் கேக்குது. களப்பு வத்திப்போகும்போல."

கொழும்புக் கடிகாரம்

ஸ்பீக்கர் எல்லாம் பூட்டி முடிந்த நாள் இர்ஷாத் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கட்டாரில் வாங்கிய பாங்குக் கடிகாரம். பள்ளிவாசல் படம் போட்ட சதுரக் கடிகாரம், ஐந்து வேளையும் தானாகவே பாங்கு சொல்லும். அதிலிருந்து ஒரு வயரை அம்ப்ளிபயருக்கு இழுக்கச் சொன்னார். நசீர் நானா இழுத்தார். நேரத்தையும் ஊரையும் இர்ஷாத்தே ஏணியில் ஏறி நின்று பொத்தானை அமத்திச் சரிசெய்தார்.

அன்று பகல் நேரத் தொழுகைகளுக்குச் சீலிங்கிலிருந்து பாங்கு வந்தது. நல்ல குரல். எந்த மூலையிலும் ஒரே அளவு. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஹாஜியார் நடந்துகொண்டிருந்தவர் நின்று கேட்டுவிட்டு, "நல்லாரிக்கி," என்றார். அந்த ஒரு சொல்லில் நசீர் நானாவின் களைப்பெல்லாம் போனதுபோல இருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பின்னேரம் நடுக் கடையில் பாய் விரித்தார்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, கட்லட், ரோஸ் நிறச் சர்பத். ஹாஜியார் எங்களையும் இருக்கச் சொன்னார். நசீர் நானா அம்ப்ளிபயர் மேசைக்குப் பக்கத்தில், தண்ணீர்க் கிளாசை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாய்க்கு இடைஞ்சலாக இருந்த ஏணியை நான் வெளியே கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்தேன்.

திரும்பி வந்து கண்ணாடிக் கதவைத் திறக்கிறேன், உள்ளேயிருந்து பாங்கு என் முகத்தில் வந்து மோதுகிறது.

என் முதுகுப் பக்கமோ தெரு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, நோன்பு திறக்கிற நேரத்துப் புத்தளம் தெருவை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் வாகனம் குறையும். பிறகு கதை குறையும். நடைபாதை வியாபாரிகள் கையில் பழத்தை வைத்துக்கொண்டு பள்ளிப் பக்கம் காதைக் கொடுப்பார்கள். எல்லாப் பள்ளியும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாங்கு தொடங்கியதும்தான் கை வாய்க்குப் போகும். நான் நின்ற இடத்தில் அந்தப் பாங்கு எதுவும் இல்லை. எதிர்ப்பக்கப் பேரீச்சம்பழ வியாபாரியின் பழம் இன்னும் கையில்தான் இருந்தது.

எனக்கு என்ன உரிமை இருந்தது என்று யோசிக்கவில்லை. கத்தினேன்.

"பொறுங்க! ஆரும் வாயில வைக்காதீங்க! வெளியில பாங்கு சொல்லல்ல!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு ஒருவன் கதவில் நின்று நோன்பைப் பற்றிக் கத்துகிறான். ஹாஜியாரின் பேரீச்சம்பழம் உதட்டில் தொட்டபடி நின்றது. ஒரு பிள்ளை வாய்க்குள் வைத்ததை விரலால் எடுத்தாள். மர்ழியா ராத்தா கிளாசைப் பொத்தென்று கீழே வைத்தார். சீலிங் மட்டும் யாரையும் கவனிக்காமல் அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் பிடித்த கதவு திறந்தே இருந்தது. எல்லோரும் அதற்குள்ளால் தெருவைக் கேட்டார்கள். ஒரு பஸ் போனது. ஒரு சைக்கிள் மணி. சீலிங் சொல்லி முடிக்கப் போகிற நேரத்தில்தான் பள்ளியில் பாங்கு தொடங்கியது.

ஒரே ஒரு ஆள் மட்டும் நான் கத்துவதற்கு முன்னமே குடித்துவிட்டார். நசீர் நானா. நாள் கணக்காகத் தகரத்துக்கு அடியில் கிடந்த மனிதன், தான் பூட்டிய ஸ்பீக்கர் சொன்னதை நம்பிக் கிளாசைக் காலி செய்திருந்தார்.

கழற்றச் சொன்னார்

"என்ன நடந்த?" என்றார் ஹாஜியார். சத்தம் போடவில்லை.

இர்ஷாத் முந்திக்கொண்டார். "வயர் வேலையில ஏதோ பிழை போல வாப்பா."

நசீர் நானா காலிக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க, மர்ழியா ராத்தா முந்திவிட்டார்.

"வயர் எப்படி நேரம் பாக்கும் சின்ன முதலாளி? ஊரை அமத்தினது நீங்க. ஏணியைப் பிடிச்சது நான். கொழும்பு, கொழும்பு எண்டு சொல்லிச் சொல்லித்தானே அமத்தினீங்க?"

இர்ஷாத்தின் முகம் சிவந்தது. "அதில புத்தளம் இல்ல ராத்தா. இலங்கைக்குக் கொழும்பு மட்டும்தான் இரிக்கி. ஒரே நாடுதானே எண்டு..."

"ஒரே நாடுதான் மகன்," என்றார் ஹாஜியார். "சூரியனுக்கு அது தெரியாதே."

ஒன்றிரண்டு நிமிஷ வித்தியாசம்தான். அந்த மாதங்களில் கொழும்பில் கொஞ்சம் முந்திச் சூரியன் மறைந்து மக்ரிப் ஆகிவிடும், எங்கள் பக்கம் பிந்தும். மற்ற நேரத்தில் யாருக்கும் தெரியாது. நோன்பு திறப்பதற்கு அந்த ஒன்றிரண்டு நிமிஷம்தான் எல்லாம்.

ஹாஜியார் நசீர் நானாவிடம் வந்தார். "நீங்க குடிச்சிட்டீங்களா?"

"ஓம் ஹாஜியார்."

"அப்ப உங்கட நோன்பு..."

"கழாச் செய்யணும்." பிறகு ஒரு நோன்பு பிடித்து ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் அர்த்தம்.

ஹாஜியார் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். வெள்ளைப் பலகைகளுக்கு நடுவே வட்ட வட்டமாக எங்கள் வேலை. "நாளைக்கு வந்து எல்லாத்தையும் கழட்டிடுங்க. பாங்கு விசயத்தில விளையாட்டு வாணாம்."

மறுக்க முடியுமா? வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகுதான் நசீர் நானா வாயைத் திறந்தார்.

"ஸ்பீக்கரைக் கழட்டலாம் தம்பி. ஓட்டையை என்ன செய்யிற? பெருநாள் முடியும் வரைக்கும் ஊரே வந்து அண்ணாந்து பாக்கும், ஓட்டையைப் பாத்து ஆரு பூட்டின எண்டு கேக்கும்."

நான் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். 

மேலே கேட்ட சத்தம்

அடுத்த நாள் கழற்றத்தான் போனோம். நசீர் நானா மேலே ஏறி வயரை அவிழ்த்துக்கொண்டு முன்பக்கம் வரைக்கும் போய்விட்டார். அவர் போட்டிருந்த டோர்ச் வெளிச்சம் ஓட்டையில் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அசைவு நின்றது.  மயக்கமோ?

"நானா! நானா!"

"கத்தாதடா. கேளு."

"என்னத்தைக் கேக்கிற?"

"பகல் ளுஹருக்குப் பாங்கு சொல்றாங்க. இங்க மேல பக்கத்தில நிண்டு சொல்ற மாதிரிக் கேக்குது."

கீழே எனக்கு ஏசியின் முனகல் மட்டும்தான் கேட்டது. முன்பக்கக் கூரையோரம் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் திறந்த இடைவெளி. பள்ளிப் பாங்கு கண்ணாடிக்குள்ளால்தான் வர முடியவில்லை, கூரைக்குள் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சீலிங் பலகைதான் அதை மறித்தது.

சில நேரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வரும். நான் "மைக்" என்றேன். மேலேயிருந்தும் "மைக்" என்றார்.

ஹாஜியாரிடம் நசீர் நானாவே போய்ச் சொன்னார். கூரையோரத்தில் ஒரு மைக் வைப்பம், தொழுகை நேரம் வந்ததும் அதைத் திறந்துவிடுவம், பள்ளியில் சொல்கிற பாங்கே கடைக்குள் வரும்.

"இதுவும் பிழைச்சா?"

"இதுக்கு நேரம் தெரியாது ஹாஜியார். பள்ளி சொன்னாத்தான் இது சொல்லும். பள்ளி சொல்லாட்டி இதுவும் சொல்லாது."

ஹாஜியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "இண்டைக்கு மட்டும் பாப்பம். சரிவராட்டி நாளைக்குக் கழட்டுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நோன்பு திறக்கிற நேரம் நீங்க வெளியில நில்லுங்க. நேத்து உங்கட காதுதான் எங்களக் காப்பாத்தின."

அவிழ்த்த வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு, மைக்கை மழைத்தண்ணி படாத இடமாகப் பார்த்து, ஒரு துண்டுத் துணி சுற்றிக் கட்டினோம், காற்று உறுமாமல் இருக்க.

தெரு உள்ளே வந்தது

பின்னேரம் பழையபடி பாய் விரித்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே நடந்ததைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். என்ன கேட்டது என்பதை மர்ழியா ராத்தா பிறகு நடித்தே காட்டினார்.

நசீர் நானா மைக்கைத் திறந்ததும் சீலிங்கிலிருந்து முதலில் வந்தது ஒரு பஸ் கொண்டக்டரின் குரல்: "கல்பிட்டி, கல்பிட்டி, கல்பிட்டி!" பிறகு ஒரு காகம். பிறகு யாரோ காறித் துப்பிய சத்தம். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள். கடைக்குள் தெருவே இறங்கிவிட்டது.

மைக் இருந்த இடத்துக்கு நேர் கீழே பேரீச்சம்பழ வியாபாரி தன் வண்டிலைத் தள்ளி வந்து நிறுத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு திரீவீல்காரர். அவர்கள் கதைத்தது வெளியே நின்ற எனக்கும் கேட்டது. உள்ளேயும் எல்லா மூலையிலும் ஒரே அளவாகக் கேட்டிருக்கிறது.

"ஹாஜியார் போன பெருநாள் சாரிக்கெல்லாம் புது விலை மட்டை ஒட்டி வெச்சிரிக்காராமே?"

"மட்டை மட்டுமா புதுசு? சீலிங்கும் புதுசு. பாங்கை முந்திச் சொல்ற சீலிங்."

"ஓம், நேத்து முழுக் கடைக்கும் நோன்பு போகப் பாத்ததாம். ஆரு அதைப் பூட்டின?"

"ஆரோ வந்த ஆக்கள். வேலை தெரியாத ஆக்களுக்குக் குடுத்தா இப்பிடித்தான்."

கண்ணாடிக்குள்ளால் நான் நசீர் நானாவைப் பார்த்தேன். கை சுவிட்சில் இருந்தது. அமத்தினால் கதை நின்றுவிடும். ஆனால் பாங்குக்கு நேரம் நெருங்கிவிட்டது, அமத்தவும் முடியாது. தான் பூட்டிய ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தார். கடைக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹாஜியார் எழும்பினார். கதவைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே வந்து, வண்டிலுக்கு முன்னால் நின்றார். வியாபாரி திடுக்கிட்டு, "ஹாஜியார், பழம் வேணுமா?" என்றார்.

"வாணாம். நீங்க ஒண்டு கேட்டீங்க, பதில் சொல்ல வந்தன். அதைப் பூட்டினது ஆரோ இல்ல. நசீர். ஆளுக்குப் பேர் இரிக்கி. வேலை சுத்தம். கடிகாரத்தைப் பிழையா வெச்சது என்ட மகன்." ஒரு மூச்சு விட்டார். "சாரி மட்டை விசயம் பெருநாளைக்குப் பொறகு கதைப்பம்."

திரீவீல்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். ஹாஜியார் அங்கே சொன்ன ஒவ்வொரு சொல்லும் சீலிங்கிலிருந்து கடைக்குள் கொட்டியது அவருக்கு அந்த நேரம் நினைவில் இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மர்ழியா ராத்தா சொன்னார்: "ஹாஜியார்ட வாயில இருந்து அவ்வளவு கதை ஒரேயடியா வந்ததை இந்தக் கடையில நான் கண்டதே இல்ல. அதுவும் எட்டுத் திக்கிலயும் இருந்து."

ஹாஜியார் உள்ளே போய் உட்கார்ந்தார். தெருவில் வாகனம் குறைந்தது. கதை குறைந்தது. பிறகு பள்ளியில் பாங்கு தொடங்கியது. நான் கையை உயர்த்தினேன். தேவையே இருக்கவில்லை. உள்ளே எல்லோரும் எனக்கு முந்தியே கேட்டுவிட்டார்கள்.

இர்ஷாத் பேரீச்சம்பழத் தட்டை எடுத்து முதலில் நசீர் நானாவிடம் நீட்டினார். நானா ஒரு பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சுற்றிவர எல்லோரும் குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தன் வாயில் வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை

ஸ்பீக்கர்களைக் கழற்றவில்லை. பெருநாள் வரைக்கும் அந்தக் கடையில் பாங்கோடு சேர்த்து பஸ் கொண்டக்டரும் காகமும் கேட்டன. சனம் அதைக் கேட்கவே வந்தது என்று மர்ழியா ராத்தா சொல்வார், அது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை. வேலை எங்களைத் தேடி வந்தது மட்டும் உண்மை. முதலில் வந்த சப்பாத்துக் கடைக்காரர் என்னிடம், "நசீர் நீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெருநாள் கழிந்து ஒரு திங்கட்கிழமை. அந்தச் சப்பாத்துக் கடையில் வட்டம் வெட்டிக்கொண்டிருந்தோம். பத்து மணித் தேத்தண்ணி வந்தது. நசீர் நானா கிளாசை எனக்குத் தள்ளினார்.

"என்ன நானா, வயித்துக்குச் சரியில்லையா?"

"நோன்பு. அண்டைக்குப் போனதைக் கழாச் செய்யிறன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வேறு கதை. அந்தக் கடைக்கும் தகரக் கூரைதான். அன்றைக்கும் அவர்தான் மேலே ஏறினார்.

அவருடைய தேத்தண்ணியும் என்னுடையதும் மேசையில் ஆடை படிந்து ஆறின. பகல் சாப்பாட்டுக்குக் கடைக்காரர் கூப்பிட்டபோது, காலையில் அதிகம் சாப்பிட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னேன். நசீர் நானா மேலே இருந்ததால் அதைக் கேட்கவில்லை. தபசு காலத்தில் நாங்களும் ஒருசந்தி என்று ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருப்பதுதான், ஆனால் தண்ணீர் குடிப்போம். தண்ணீரும் இல்லாமல் இருப்பது வேறு என்று பிற்பகல் ஆக ஆகத் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

பின்னேரம் அவரைப் பாலாவியில் வீட்டு வாசலில் இறக்கினேன். "உள்ள வா, நோன்பு திறந்திட்டுப் போகலாம்," என்றார். உங்கள் அம்மா தேடுவாள் என்று சொல்லிவிட்டுக் கல்பிட்டி வீதியில் திரும்பினேன்.

வீதிக்குப் பக்கத்தில் களப்பு கிட்ட வருகிற ஓரிடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். யாரும் இல்லை. காற்று பலம். இஞ்சினை அமத்திவிட்டு, போத்தல் மூடியைத் திருகிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் தண்ணீரிலிருந்து மெல்ல மெல்லப் போனது. எந்த ஊர்ப் பள்ளி என்று தெரியவில்லை, தென்னைகளுக்கு அந்தப் பக்கமிருந்து பாங்கு காற்றில் வந்தும் போயும் கேட்டது. அது முழுதாகச் சொல்லி முடியும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன்.